பிரேக் இன்ஸ்பெக்டர் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

கேள்வி: டிப்ளமோ ஆட்டோமொபைல் முடித்த என் மகன் மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வு எழுத விரும்புகிறான். கை நீட்டாமல் அந்த வேலையில் காலம் தள்ள முடியுமா?

முடியும் ஐயா. 'அங்கே போனால் பையன் கெட்டுப்போவான்' என்று உறவில் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 24 ஆண்டுகள் அந்தக் காக்கியைப் போட்டு 2021இல் ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் நான் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'தான்.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சின்னப் பெண் இறந்துபோனாள். இரண்டாம் வகுப்புக் குழந்தை. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட எஃப்.சி.க்களை, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் சான்றுகளை, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன.

அடுத்த மே மாதம், பள்ளி திறக்கும் முன் நடக்கும் கூட்டாய்வு. மைதானத்தில் மஞ்சள் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு வண்டியில் ஏறியதும் புது ரெக்சின் வாசனை. தரை முழுவதும் புதிதாக விரித்து ஓரத்தில் ஆணி அடித்திருந்தார்கள். பெயிண்ட் பழசு, சீட் பழசு, விரிப்பு மட்டும் புதுசு. பின்சக்கரத்துக்கு மேலே விரிப்பைத் தூக்கித் திருப்புளியால் குத்தினேன். பலகை ஊறிய ரொட்டிபோல உள்ளே போனது. அவசர வழிக் கதவைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்.

எஃப்.சி. கிடையாது என்றேன். தாளாளர் வந்து, "ஒரு வாரத்தில் சரிசெய்துவிடுகிறோம் சார், இப்போது போட்டுக் கொடுங்கள்" என்றார். பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் யார் என்று சொல்ல மாட்டேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 56ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்றை மறுத்தால் அதற்கான காரணத்தை உரிமையாளருக்கு எழுத்து மூலம் தர வேண்டும். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். எழுதிய காகிதம் ஒன்று வெளியே போய்விட்டால், அதை மீறிக் கையெழுத்துப் போட எவருக்கும் துணிச்சல் வராது. நான்கு மாதத்தில் எனக்கு எல்லைச் சோதனைச் சாவடிக்கு மாற்றல் வந்தது. இதனால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது.

அடுத்த ஆண்டு அந்த வண்டியின் ஓட்டுநர் என்னைத் தேடி வந்தார். "இரண்டு வருஷமாகச் சொல்லியும் கேட்காதவர்கள், நீங்கள் எழுதிய காகிதத்துக்கு அப்புறம்தான் பலகையை மாற்றினார்கள் ஐயா. என் பேத்தியும் அந்த வண்டியில்தான் வருகிறாள்" என்றார்.

'எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்' என்று கீழே எழுத வருபவர்களுக்கு: எங்கள் அலுவலகங்களில் லஞ்ச ஒழிப்புத் துறை நுழைந்து கணக்கில் வராத பணத்தை அள்ளிச் சென்றதை நானும் படித்திருக்கிறேன். மறுக்கவில்லை. என் கதையைத்தான் சொல்கிறேன்.

இதைவிட எனக்குப் பெரிய வலி வேறு இடத்தில் வந்தது. என் மகளுக்கு வரன் பார்த்தபோது தரகர், "அப்பா ஆர்.டி.ஓ. ஆபீஸ், நன்றாகச் செய்வார்" என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தார். ஒரு மாப்பிள்ளை வீட்டார் என் கூடத்தில் உட்கார்ந்து, "சம்பளம் இருக்கட்டும், கிம்பளம் எவ்வளவு வரும்?" என்று கேட்டார்கள். காபி கொண்டுவந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். வாங்குகிறவனைத் திட்டுகிற அதே ஊர், வாங்காதவனின் பெண்ணுக்கு வரன் தர யோசிக்கிறது. இதை எந்தச் சட்டத்தில் போய் எழுதுவது?

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். என் காலத்தில் இந்தத் தேர்வுக்குக் கனரக வாகன உரிமமும் பணிமனை அனுபவமும் கேட்டார்கள்; இப்போதைய அறிவிக்கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலகு வாகன உரிமம் எடுத்து ஓராண்டு ஆன பிறகுதான் கனரகத்துக்குப் பழகுநர் உரிமமே கிடைக்கும். இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். அனுபவச் சான்றைத் தெரிந்தவரிடம் சும்மா எழுதி வாங்க வேண்டாம், அதனால் வழக்கு வரை போனவர்கள் உண்டு. ஒரு நல்ல பணிமனையில் ஓராண்டு வேலை செய்து, வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடட்டும். முடிந்தால் பேருந்துக் கூண்டு கட்டும் இடத்தையும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பலகை எங்கே முதலில் உளுக்கும் என்று அங்கேதான் தெரியும்.