திங்கட்கிழமை வரை பொறுக்காதீங்க

அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் முடிஞ்ச நாலாம் நாள் கண் வலி, மங்கல், திங்கட்கிழமை செக்கப்ல காட்டினா போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க. இது கண்ணுக்குள்ள கிருமித் தொற்றா (எண்டாஃப்தால்மைட்டிஸ்) இருக்கலாம். இன்னைக்கு ராத்திரியே விழித்திரை டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

என் அப்பாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. கருவிழிக்கு அடியில பிறை மாதிரி வெள்ளையா சீழ் தேங்கி நின்னுச்சு. சொட்டு மருந்து மட்டும் இதுக்குப் பத்தாது. கண்ணுக்குள்ளேருந்து கொஞ்சம் நீர் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிட்டு, வான்கோமைசின், செஃப்டாசிடிம்ங்கிற கிருமிக்கொல்லி மருந்துகளை நேரா கண்ணுக்குள்ளேயே ஊசியா போடுவாங்க. கேட்கவே பயமா இருக்கும்; மரத்துப்போக வச்சுட்டுத்தான் போடுவாங்க.

நல்ல கண்ணைப் பொத்திட்டு, கையை ஆட்டினா தெரியுதான்னு இப்பவே பாருங்க. வெறும் வெளிச்சம் மட்டுந்தான் தெரியுதுன்னா உடனே விட்ரெக்டமி (கண்ணுக்குள்ள இருக்கிற கூழ் மாதிரி நீரை எடுக்கிற ஆபரேஷன்) செய்யறதுதான் நல்லதுன்னு 1995-ல வந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கு. டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காம எடுத்துக்கோங்க.