நுரை பொங்கினால் சோப்பு கலந்திருக்கிறதா?

கேள்வி: ஒரே நிறுவனத்தின் சாதாரண கோலாவையும் சர்க்கரை இல்லாத கோலாவையும் விருந்துக்கு வாங்கினேன். சாதாரண கோலா டம்ளரில் அடங்கியது. சர்க்கரை இல்லாதது பொங்கி மேசையெல்லாம் வழிந்துவிட்டது. விற்றவர், "இதில் காஸ் அதிகம், புதுச் சரக்கு" என்கிறார். உறவினர் ஒருவரோ சோப்பு கலந்திருப்பார்கள் என்கிறார். இதைக் குடிக்கலாமா?

பதில்: தாராளமாகக் குடிக்கலாம். நுரை பொங்கியதை வைத்து மட்டும் சோப்பு என்று சந்தேகிக்க வேண்டியதில்லை.

விற்றவர் சொன்னதும் சரியில்லை. வெறும் சோடாவை ஒரு டம்ளரில் ஊற்றிக் காதை அருகில் வைத்துப் பாருங்கள். குமிழிகள் சடசடவென்று உடையும், மேலே நுரை நிற்காது. காஸ் அதில் ஏராளம். காஸ் வேறு, நுரை வேறு. மேலே வந்த குமிழியைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் உடையாமல் தாங்கினால்தான் நுரை. அது பானத்தில் என்ன கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சாதாரண கோலாவில் லிட்டருக்குச் சுமார் 105 கிராம் சர்க்கரை இருக்கும். அதனால் பானம் கொஞ்சம் பாகுபோல இருக்கும். மற்றதில் சர்க்கரையே இல்லை. அதற்குப் பதில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு, சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு என்பதால் துளியளவு போதும். 2008-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, அஸ்பார்டேமும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொட்டாசியம் பென்சோயேட்டும் குமிழி உண்டாவதைச் சுலபமாக்குகின்றன என்று காட்டியது. உங்கள் மேசையில் நடந்தது இதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, உறவினரின் பயத்துக்கும் இதுவே வேராக இருக்கலாம். ரூட் பியர் (பெயரில்தான் பியர், பொதுவாக மது இல்லாத அமெரிக்கக் குளிர்பானம்) போன்ற சில பானங்களில் நுரை நிற்பதற்கென்றே ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். சிலி நாட்டு மரமான குயிலாயாவின் பட்டைச் சாறு அது. யூக்கா செடியின் சாறும் சேர்ப்பதுண்டு. இரண்டிலும் சப்போனின் இருக்கிறது, தண்ணீரில் அடித்தால் சோப்பு மாதிரி நுரைக்கும். குயிலாயாவை அந்த ஊர்க்காரர்கள் துணி துவைக்கவே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அது சோப்பு அல்ல, அனுமதிக்கப்பட்ட உணவுச் சேர்க்கை. பல நாடுகளில் பெயருக்குப் பதில் 999 என்ற எண்ணை லேபிளில் போட்டாலே போதும். அந்த எண்ணைப் பார்த்து எந்த வீட்டில் யாருக்கு என்ன புரியும்? "மரப்பட்டைச் சாறு" என்று இரண்டு வார்த்தை அச்சடிக்க இடமில்லையா? இப்படி மறைத்தால் சோப்பு வதந்தி கிளம்பத்தான் செய்யும். எத்தனை முறை சொன்னாலும் இதை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்களைப் போலக் குழம்பி நிற்பவர்களிடம் "காஸ் காக்கும் பம்ப் மூடி" என்று ஒன்றை விற்பார்கள். வாங்காதீர்கள். மூடியை அழுத்தும்போது பாட்டிலுக்குள் போவது வெறும் காற்று. அதில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். பானத்தில் இருக்கும் வாயு, மேலே எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று பார்த்துத்தான் வெளியேறும். நீங்கள் அடைத்த காற்றை அது பொருட்படுத்தாது. பாட்டில் கல்போல இறுகியிருப்பதைப் பார்த்து மக்கள் ஏமாறுகிறார்கள். பழைய மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜில் வைப்பதே போதும்.

சரி, அடுத்த முறை வழியாமல் ஊற்றுவது எப்படி? முதலில் பாட்டில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் கோலாவில் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் வாயு அடைபட்டிருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் அதைப் பிடித்துவைக்கும், சூடு ஏற ஏற விட்டுவிடும். டம்ளரைத் துணியால் துடைத்தால் ஒட்டும் நூலிழைகளில் இருந்துதான் குமிழிகள் கிளம்பும். அதனால் அலசிவிட்டு ஈரத்தோடே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டம்ளரைச் சாய்த்து, ஓரமாக வழியவிட்டு ஊற்றுங்கள்.

ஐஸ் போடுவதானால் இன்னும் கவனம் தேவை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸின் மேல் வெள்ளையாகச் சொரசொரப்பு இருக்கும். அந்த மேடுபள்ளத்தில் குமிழிகள் கொத்துக்கொத்தாகக் கிளம்பும். குளிர்ந்த தண்ணீரில் ஐஸை ஒருமுறை அலசி, மேல்பக்கம் வழுவழுப்பானதும் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுக் கோலாவை ஊற்றுங்கள்.