திருகாணி இல்லாமல் கருவி நிற்குமா?

கேள்வி: என் மூன்று வயது மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உதவ உள்ளே பதிக்கும் கருவி) பொருத்த நாள் குறித்திருக்கிறார்கள். எலும்பைக் குடைவதில்லை, திருகாணியும் இல்லை, சவ்வுக்கு அடியில் செருகினாலே போதும் என்கிறார் மருத்துவர். எங்கள் பகுதியில் பந்தாடாத பிள்ளையே கிடையாது; அடிபட்டால் கருவி நகர்ந்துவிடாதா?
- ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதுதான், ஆனால் குடையாமல் வைப்பதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். காதுக்குப் பின்னுள்ள எலும்பில் கருவியின் அளவுக்குப் பள்ளம் எடுத்து, ஓரங்களில் துளையிட்டு, நூலால் இறுக்கிக் கட்டுவதே பழைய வழக்கம். இன்றும் பலர் அவ்வாறே செய்கின்றனர். சின்னஞ்சிறு பிள்ளைக்கு அந்த எலும்பின் கனம் சில இடங்களில் ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதால், ஆழமாகக் குடைந்தால் மூளையின் உறை வெளிப்பட்டு நீரோ இரத்தமோ கசியக்கூடும். எலும்பைப் போர்த்திய சவ்வைக் கருவி நுழையும் அளவுக்கு மட்டுமே பிரித்து, அந்த இறுக்கமான பைக்குள் செருகும் முறையில் இந்த ஆபத்து குறைவு. பை தளர்ந்து அமைந்தால் கருவி நகரும் என்பதும் உண்மையே; அப்படி அமைந்தால் என்ன செய்வீர்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். தையலோ சிறு பள்ளமோ கூடுதலாகச் செய்வேன் என்று அவர் விளக்கினால் நிம்மதியாக இருக்கலாம்.

கருவியைவிட, அதிலிருந்து உள்காதுக்குள் செல்லும் கம்பியைப் பற்றித்தான் நான் அதிகம் கேட்பேன். உள்காதின் நத்தை வடிவப் பகுதியான காக்ளியா பிறக்கும்போதே முழு அளவில் இருக்கிறது, மண்டையோ வளர்ந்துகொண்டே போகிறது; எனவே கம்பியை வளையமாகச் சுருட்டி, இழுபட இடம் விட்டு வைப்பார்கள். அது நுழையும் துளையைத் தசைத் துணுக்கால் அடைப்பது, கிருமி உள்ளே போய் மூளைக்காய்ச்சல் வராமல் தடுப்பதற்காக. நிமோகாக்கல் தடுப்பூசியை அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

பிறகு காதுக்குப் பின்னால் வீங்கினால், தெருமுனைக் கிளினிக்கில் ஊசி குத்தி எடுக்க விடாதீர்கள்; அறுவை செய்தவரிடமே காட்டுங்கள். கருவியின் வெளிப்பகுதியைத் தலையில் ஒட்டவைக்கும் காந்தம் பதியும் இடத்தில் தோல் சிவந்தாலும் அப்படியே. அதற்குப் பதிலாக வலிமை குறைந்த வேறு காந்தத்தைத் தருவார்கள்.

காயம் ஆறி மருத்துவர் அனுமதித்த பின்னர், தலைக்கவசத்துடன் மகன் பந்தாடலாம். ஆனால் வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பிடித்த குத்துச்சண்டை மட்டும் அவனுக்கு வேண்டாம்.