அனர்த்தத்துக்குப் பிறகு கம்பஸ் பெடியள் ஒன்லைனில இங்கிலிஷ் படிக்கேலுமோ?

படிக்கலாம். டித்வா புயலுக்குப் பிறகு வீட்டில இருந்து போனில இங்கிலிஷ் கிளாஸ் செய்யிறது பிரயோசனமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள், நீங்கள் பெர்ஸ்ட் இயராத்தான் இருக்கோணும், வேற ஆர் உதைக் கேக்கப் போயினம்.

நான் படிச்சது 2020 புரெவி நேரம். தெற்கில ஒரு கம்பஸ், கொரோனாவால எல்லாரும் வீட்டில, கிளாஸ் முழுக்க சூமில. டிசம்பர் 2 இரவு புயல் திருகோணமலைக்கு வடக்கால கரையேறிச்சுது, எங்கட யாழ்ப்பாணப் பக்கம் காத்தை விட மழைதான், அது மன்னார் வளைகுடாவில போய் அசையாமல் நிண்டதால நாள்கணக்கா ஊத்தி வீட்டுக்குள்ளயே வந்திட்டுது. யாழ்ப்பாணத்தில வெள்ளத்தைக் கொண்டு போறது குளமும் வாய்க்காலும் தானே, எங்கட ஒழுங்கையில ஒருத்தர் வெளிநாட்டுக் காசில வாய்க்காலுக்கு மேலயே மதில் எழுப்பி வச்சிருக்கிறார், கேட்டால் காணி உறுதியைக் காட்டுறார். இண்டைக்கும் அந்த மதில் அங்கதான் நிக்குது. சரி அது வேற கதை.

கரண்ட் வந்த அண்டைக்கு கிளாஸில இன், ஒன், அண்டர் பாடம். வீட்டில என்ன சாமான் எங்க இருக்குது எண்டு மேடம் ஒவ்வொருத்தரா கேட்டா. என்ர முறை வர "த ரைஸ் இஸ் ஒன் த பெட்" எண்டன். எல்லாரும் சிரிப்பு. மேடம் நான் பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சு ஆறுதலா "நோ, ரைஸ் இஸ் இன் த கிச்சின்" எண்டா. நான் "நோ மேடம், கிச்சின் இஸ் இன் த வாட்டர்" எண்டிட்டு கமராவைப் போட்டன். கட்டில்ல அரிசி மூட்டை, பக்கத்தில காலை மடக்கிக்கொண்டு அம்மம்மா, கீழ தண்ணியில ஒற்றைச் செருப்பு மிதக்குது. ஒருத்தரும் மூச்சு விடேல்லை. ஒரு சிங்களப் பெடியன் மட்டும் சூம் சாட்டில "சொரி மச்சாங்" எண்டு போட்டான். பிறகு மேடம் பாடத்தை விட்டிட்டு கணுக்காலளவு, முழங்காலளவு தண்ணிக்கு இங்கிலிஷில என்ன சொல்லுறது எண்டு சொல்லித் தந்தா, அந்த செமஸ்டரில இண்டைக்கும் மறக்காதது அது மட்டும்தான்.

"வெள்ளத்துக்க உனக்கு இங்கிலிஷ் ஒரு கேடோ" எண்டு கொமென்டில வருவினம், தெரியும். கிளாஸ் ஒரு மணித்தியாலம், மிச்ச நேரம் முழுக்க தண்ணி இறைச்சது நான்தான் ஐயா. நான் இங்கிலிஷில புலி எண்டும் சொல்லேல்லை, இப்பவும் மைக் போட முதல் மனசுக்குள்ள ஒருக்கா சொல்லிப் பாக்கிறனான்.

அந்த நேரம் கம்பஸுகளை இணைக்கிற லேர்ன் நெட்வேர்க்கால சூமுக்கு டேட்டா காசு இல்லை, ஆனா டவருக்கு கரண்ட் இல்லாட்டி இலவசத்தை வச்சு என்ன செய்யிறது. போன் சார்ஜ் பண்ணினதே பக்கத்து வீட்டு ஓட்டோ பட்டரியில. அதால மேடமிட்ட கேட்டு பாடத்தை வட்ஸ்அப் வொய்ஸா வாங்குங்கோ, கமராவை ஓப் பண்ணி வையுங்கோ, வரேலாட்டி அண்டைக்கே மெயில் போடுங்கோ. போட முதல் ஒருக்கா வாசியுங்கோ. எங்கட வாயில எப்பும் (F) பீயும் (B) ஒண்டுதானே, நான் இங்கிலிஷில வெள்ளம் (flood) எண்டு எழுத வெளிக்கிட்டு எப்புக்குப் பதிலா பீ அடிச்சு வீடு முழுக்க இரத்தம் (blood) எண்டு அனுப்பிட்டன், ரெண்டு நிமிசத்தில மேடம் பதறிக்கொண்டு கோல் எடுத்தா.