எட்டு விநாடி மெட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். வேலை நேரம் போகக் கீபோர்டில் மெட்டமைக்கிறேன். பத்துமலைத் தைப்பூசத்தில் கேட்ட உறுமிச் சத்தம் காதை விட்டு அகலவே இல்லை. அதிலிருந்து ஒரு மெட்டு வந்தது. எட்டு விநாடிக்கு மேல் நகரவில்லை. கைப்பேசி முழுக்க இப்படி அரைகுறை மெட்டுகள்தான். இசையமைப்பாளர்களுக்கு முழுப் பாட்டும் மனத்தில் வந்து இறங்கிவிடுமா? எனக்கு அந்த வரம் இல்லையோ?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

வரம் என்ற பேச்சை விடுங்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி நான்கே சுரங்களில் தொடங்குகிறது; அவற்றில் முதல் மூன்றும் ஒரே சுரம். அதற்கான குறிப்புகள் 1804-லேயே அவருடைய நோட்டில் இருக்கின்றன. வியன்னாவில் அரங்கேறியதோ 1808 டிசம்பரில். இடையே வேறு படைப்புகளும் எழுதினார் என்றாலும், எழுதுவதும் அடிப்பதும் மறுபடி எழுதுவதுமாகத்தான் அந்த நோட்டுகள் இருக்கின்றன.

தியாகராஜரின் கரகரப்பிரியா ராகக் கீர்த்தனை ‘சக்கனி ராஜ’வைக் கேளுங்கள். பல்லவியில் சொல் மாறுவதில்லை. அதே வரியைச் சிறிது சிறிதாக மாற்றிப் பாடும் சங்கதிகள்தான் வருகின்றன. முதல் சங்கதி நேராக நடக்கிறது, அடுத்தது ஓரிடத்தில் மட்டும் வளைகிறது, அதற்கடுத்தது அந்த வளைவிலிருந்தே மேலே போகிறது. புதிய யோசனைக்காக எங்கும் ஓடவில்லை. கையில் இருக்கும் ஒரே வரியைத்தான் துருவிக்கொண்டே போகிறார்.

இனி உங்கள் உறுமி. அதன் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள், மறுபக்கத்தை அடிக்கிறார்கள். தேய்க்கும்போது ஒலி ஒரு சுரத்தில் நிற்பதில்லை. இழுபட்டு ஏறி இறங்குகிறது. உங்களைப் பிடித்துக்கொண்டது அந்த அடியா, இழுப்பா? முதலில் இதைக் கண்டுபிடியுங்கள். அடி என்றால் அதை ‘தக திமி’ போன்ற சொற்கட்டாக எழுதிவைத்துத் தாளத்திலிருந்தே பாட்டைத் தொடங்கலாம். இழுப்பு என்றால் கீபோர்டின் கட்டைகள் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். சுரத்தை வளைக்க உதவும் பிட்ச் சக்கரம் கீபோர்டில் இருந்தால் ஓரளவுக்கு உதவும். ஆனால் வயலினோ மனிதக் குரலோதான் அதை முழுதாகத் தாங்கும். மெட்டு எட்டு விநாடியில் நின்றுபோனதற்கு இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது. கேட்டது ஒன்று, கை வாசித்தது வேறொன்று.

கருவி அமைந்ததும் அதே துண்டை இருமுறை பாடுங்கள். முதல் முறை பஞ்சமத்தில் (‘ப’) நிற்கட்டும். இரண்டாம் முறை முடிவை மட்டும் மாற்றி, ஆதார சுரமான சட்ஜத்துக்கு (‘ச’) இறக்குங்கள். பல்லவிக்கு அது போதும். அடுத்த பகுதியான அனுபல்லவியை மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு தேதியும் வேண்டும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1723-இல் லைப்சிக் நகரில் தேவாலய இசைப் பொறுப்பேற்ற பிறகு, தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறைய வாரம் ஒரு கன்டாட்டா (வழிபாட்டில் பாடும் இசைப் படைப்பு) எழுதினார். ஞாயிறு வழிபாடு அவருக்காகக் காத்திருக்காது. உங்களுக்கும் பாட்டை எதிர்பார்க்கும் ஒரு பாடகரோ கோயில் நிகழ்ச்சியோ இருந்தால் வேலை நடக்கும். பாடப்போகிறவரின் குரல் எதுவரை எட்டும் என்று தெரிந்துவிட்டால் சுருதி, உச்சம் இரண்டும் தாமாகவே முடிவாகிவிடும்.

மற்ற மெட்டுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். இந்த ஒன்றை முடித்து, முதலில் உறுமி வாசிக்கும் ஒருவரிடம் போட்டுக்காட்டுங்கள். அவர் சொன்னதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.