ஊமைச் செல்லின் தலையீடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மூளையில் உள்ள ஆஸ்ட்ரோசைட்டுகள் என்னும் செல்கள், நரம்புச் செல்களான நியூரான்களைத் தாங்கிப் பிடிக்கும் பசை என்றுதான் கல்லூரியில் படித்தேன். உங்கள் கட்டுரையோ, அவை நியூரான்களுடன் ‘பேசுகின்றன’ என்கிறது. மின்துடிப்பை உண்டாக்க இயலாத ஒரு செல், நியூரான்களின் தகவல் பரிமாற்றத்தில் எப்படித் தலையிட முடியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பசை என்ற எண்ணம் பழையது. ஆஸ்ட்ரோசைட்டுகளும் அடங்கும் தொகுதிக்கு ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ 1850களில் சூட்டிய ‘நியூரோகிளியா’ என்ற பெயருக்கே நரம்புப் பசை என்பதுதான் பொருள். பின்னாளில் மின்முனையைச் செருகிப் பார்த்தவர்களுக்கும் அவை ஊமைகளாகவே தெரிந்தன (கருவி மின்சாரத்தை மட்டுமே கேட்கும்போது வேறென்ன தெரியும்?).

ஆனால் நியூரான்கள் சந்திக்கும் இடங்களான சினாப்ஸ்களில் பெரும்பாலானவற்றில் செய்தி வேதிப்பொருளாகவே கடக்கிறது. மூளையின் முதன்மையான தூண்டல் பொருளான குளூட்டமேட்டைச் சிதைக்கும் நொதி எதுவும் சினாப்ஸ் இடைவெளியில் இல்லாததால், அதை உறிஞ்சி அகற்றும் வேலையில் பெரும்பகுதி, அருகில் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளின் மேல் விழுகிறது. அவை அதைக் குளூட்டமினாக மாற்றி நியூரானுக்கே திருப்பித் தருகின்றன. உறிஞ்சுதல் தாமதமானால் குளூட்டமேட் அடுத்த சினாப்ஸுக்கும் கசியும். அளவு மீறினால் நியூரான்கள் மடியும். நியூரான் துடிக்கும்போது வெளியேறும் பொட்டாசியத்தையும் ஆஸ்ட்ரோசைட்டுகளே பெருமளவு உள்வாங்குகின்றன. அது தேங்கினால் சுற்றியுள்ள நியூரான்கள் எளிதில் கிளர்ந்துவிடும். எலியின் மூளையில் ஒரேயொரு ஆஸ்ட்ரோசைட்டின் நுண்கிளைகள் சுமார் 1,00,000 சினாப்ஸ்களை எட்டுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வினாவுக்கான விடையில் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

மறுபாதி கால்சியம். வளர்ப்புத் தட்டிலிருந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் குளூட்டமேட் பட்டதும் உள்ளே கால்சியம் உயர்ந்து, அந்த அலையை அடுத்த செல்லுக்கும் கடத்தியதை 1990இல் கண்டனர். 1999இல் ‘முத்தரப்பு சினாப்ஸ்’ என்ற கருத்து உருவானது: அனுப்பும் நியூரான், பெறும் நியூரான், இரண்டையும் உணர்ந்து எதிர்வினை ஆற்றும் ஆஸ்ட்ரோசைட். அது வெளியிடும் ஏடிபி என்னும் வேதிப்பொருள், அடினோசினாக மாறி, அருகிலுள்ள சினாப்ஸ்களின் செயலைத் தணிக்கக்கூடும். நியூரான்களின் சமிக்ஞை மில்லி விநாடிகளில் முடிகிறது. ஆஸ்ட்ரோசைட்டின் கால்சியமோ பெரும்பாலும் விநாடிக்கணக்கில் எழுந்து அடங்குகிறது. எனவே அது ஒவ்வொரு செய்திக்கும் மறுமொழி தருவதில்லை. பல செய்திகள் கடக்கும் சூழலை மாற்றுகிறது.

இந்த இரண்டாம் பாதியில் சர்ச்சை ஓயவில்லை. கால்சியம் உயர்வுக்கு முக்கியமான ஏற்பி (வேதிச் செய்தியைப் பெறும் புரதம்) ஒன்றை நீக்கிய எலிகளிலும் சினாப்ஸ்கள் வழக்கம்போல வலுப்பெற்றதாக 2010இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது; அந்த ஏற்பி இன்றியும் நுண்கிளைகளில் கால்சியம் எழுவதைப் பிறர் பின்னர் சுட்டினர். ஆகவே ‘பேசுகின்றன’ என்று நான் எழுதியது மிகைதான். ‘நெறிப்படுத்துகின்றன’ என்று கட்டுரையில் மாற்றிவிடுகிறேன்.