பிக்கல்ஹௌபே (உச்சியில கூர்முனை வச்ச பழைய ஜெர்மன் ராணுவத் தோல் ஹெல்மெட்) முன்னாடி இருக்கிற கழுகு பிளேட் கறுத்துப்போச்சு, ஓரத்துல பச்சை தொடச்சாலும் திரும்ப வருது, புளி போடலாமா?

புளியும் வேணாம் பிராஸோ பாலிஷும் வேணாம். கறுப்பை அப்படியே விட்டுடுங்க, ஓரத்துல பூத்திருக்கிற பச்சையை மட்டும் எடுத்தா போதும்.

அந்தப் பச்சைக்கு காரணம் பெரும்பாலும் பிளேட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஹெல்மெட் தோல்தான். தோல்ல ஊறின எண்ணெய்ப்பசை பித்தளையில இருக்கிற செம்போட சேர்ந்து மெழுகு மாதிரி கசியும், அதான் நீங்க எத்தனை தடவை துணியால தொடச்சாலும் திரும்ப வருதுன்னு சொல்றீங்க. பல்குச்சி நுனியால மெதுவா நெம்புனா பிசுபிசுன்னு உருண்டு வரும், மிச்சத்தை பட்ஸ்ல துளி ஒயிட் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கிற மினரல் டர்பென்டைன்) தொட்டு எடுங்க, தோல்ல பட்டுடாம.

அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். டார்ச் அடிச்சு இறகுக்கு நடுவுல பள்ளமா இருக்கிற இடத்தை பாருங்க. மேடான இடம் ஒரு நிறம், பள்ளம் மட்டும் நல்ல தங்க நிறமா இருந்தா அது முலாம் பூசின ஆபீசர் பிளேட்டா இருக்க வாய்ப்பு அதிகம், அதுல பாலிஷ் போட்டா முலாமே போயிடும், வெறும் மெத்துனு துணி மட்டும்தான். சாதா சிப்பாய் ஹெல்மெட்னா பெரும்பாலும் வெறும் பித்தளை, அதுலயும் புளி போட்டா செம்பு கலர் அடிச்சு அசிங்கமா போகும். பிராஸோ இடுக்குல காஞ்சு வெள்ளை வெள்ளையா நின்னுடும்.

பிளேட்டை மட்டும் கழட்டாதீங்க. சிப்பாய் ஹெல்மெட்னா, பிளேட்டோட பின்பக்கத்துல இருந்து உள்ள வர்ற ரெண்டு வளையத்துல பெரும்பாலும் தோல் ஆப்பு சொருகி இருக்கும், நூறு வருஷத் தோல், நான் ஒண்ணை இழுத்துப் பாத்தேன், பிஸ்கட் மாதிரி உடஞ்சுது.